டிராக் ரேஸ்: டைமிங் சுத்தம், அட்டவணை அநியாயம்

வியாசர்பாடி, தண்டையார்பேட்டை மெக்கானிக் கடைகளிலிருந்து டிராக் ரேஸுக்கு (இரண்டிரண்டு வண்டியாக நேர்கோட்டில் ஓடும் பந்தயம்) வண்டி ஏற்றிப் போகிறவர்கள் பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்: தகுதிச் சுற்று நேரத்தை வைத்துத்தான் நாக்அவுட் ஜோடி போடுவீர்களா? நான் பார்த்த போட்டியில் அப்படிப் போடவில்லை. 402 மீட்டரை எல்லோரும் ஓடி முடித்த பிறகு சீட்டுக் குலுக்கினார்கள். முதல் இரண்டு இடம் பிடித்தவர்கள் முதல் சுற்றிலேயே மோதி, ஒருவர் வெளியே. அப்புறம் தகுதிச் சுற்று எதற்கு? கேரம் போட்டியில்கூட சீடிங் (பலமானவர்கள் முதலிலேயே மோதாதபடி ஜோடி போடுவது) பார்க்கிறோமே!

16 வண்டி என்றால் 1-க்கு 16, 2-க்கு 15 என்று கோர்க்க வேண்டும். அமெரிக்காவின் டிராக் ரேஸ் அமைப்பான என்ஹெச்ஆர்ஏ-வின் தொழில்முறைப் பிரிவுகளில் அப்படித்தான். ஒற்றைப்படையில் வண்டி வந்தால் 'பை' (எதிராளி இல்லாமலே அடுத்த சுற்றுக்குப் போவது) தகுதிச் சுற்றின் முதலிடத்துக்குப் போகணும்.

டைமிங்கைக் குறை சொல்லவே முடியாது. பச்சை விளக்கு எரிந்ததும் கிளம்ப எடுத்த நேரமும் ஓடிய நேரமும் டைமிங் சீட்டில் தனித்தனியாக வருகின்றன. 13.20 நொடியில் ஓடியவர் கிளம்ப 0.15 எடுத்தால் மொத்தம் 13.35. 13.30-ல் ஓடியவர் 0.04-ல் கிளம்பினால் 13.34, ஜெயிப்பது அவர்தான். இந்தச் சீட்டு கையில் இருந்தால் தகராறே வராது.

லேன் தேர்வுக்கு டாஸ் போட்டதும் தப்பு. ரப்பர் நன்றாகப் படிந்த லேனில்தான் பின் டயர் பிடிக்கும். அதை வேகமாக ஓடியவர் தேர்ந்தெடுக்க விடணும்.