ரோசிபில் வாத்து: சில வருட வளர்ப்புக்குப் பிறகு

இங்கிலாந்தில் அழகுக்காக நீர்ப்பறவை வளர்க்கிறவர்களிடம் முதலில் எதை வாங்கலாம் என்று கேட்டால், பலர் மாண்டரின் வாத்தைச் சொல்வார்கள். நான் ரோசிபில்லைத்தான் சொல்வேன். சில வருடங்களாக எங்கள் குளத்தில் இருக்கிறது. இன்னும் சலிக்கவில்லை.

தென் அமெரிக்கப் பறவை இது. அர்ஜென்டினா, உருகுவே, தெற்கு பிரேசில், சிலி ஆகிய நாடுகளின் சதுப்பு நிலங்கள்தான் பூர்வீகம். ஆணுக்கு ஊதா மினுமினுக்கும் கறுப்பு உடம்பு, சாம்பல் நிற விலா, சிவந்த கண். அலகு பளிச்சென்ற சிவப்பு, அது முகத்தோடு சேரும் இடத்தில் ஒரு புடைப்பு. பெண்ணுக்குப் பழுப்பு நிறம், நீலச் சாம்பல் அலகு.

போச்சார்டு எனப்படும் முக்குளிக்கும் வாத்து வகை என்பதால் ஆழமான குளம் வேண்டுமே என்று தயங்குகிறார்கள். தேவையே இல்லை. முக்குளிக்கத் தெரியும்தான், ஆனால் பெரும்பாலும் வாலைத் தூக்கி, தலையை மட்டும் நீருக்குள் விட்டுத்தான் இரை தேடும். அப்புறம் கரையேறிப் புல் மேயும். மற்ற போச்சார்டுகளைவிட நன்றாக நடக்கும். அர்ஜென்டினாவில் நெல் வயல்களிலும் இறங்குகிற பறவை அல்லவா! எனவே குளத்தைப் பெரிதாக்கச் செலவழிப்பதைவிடக் கரையில் நல்ல புல்தரை விடுங்கள். அதோடு நீர்ப்பறவைத் தீவனமும் கொஞ்சம் கோதுமையும் போதும்.

குளிரை நன்றாகத் தாங்கும். குளம் உறைந்தால் ஒரு பக்கம் மட்டும் பனிக்கட்டியை உடைத்துத் திறந்த நீர் வைப்பேன். உண்மையான தொல்லை நரிதான். மின்வேலி போட்ட பிறகே நிம்மதி.

முட்டை விஷயம் சுவாரசியமானது. சுமார் 10 முட்டை, அடைகாப்பு ஏறக்குறைய நான்கு வாரம். ஒரு பெண் இன்னொன்றின் கூட்டில் முட்டையிட்டுவிட்டுப் போவதும் உண்டு, ஆகவே கூட்டில் எண்ணிக்கை திடீரென்று கூடினால் திகைக்காதீர்கள். தென் அமெரிக்காவில் கருந்தலை வாத்து என்று ஒன்று இருக்கிறது. சொந்தமாக அடைகாக்கவே காக்காது. முட்டையை அது விட்டுச் செல்லும் இடங்களில் ரோசிபில்லின் கூடும் ஒன்று.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன். ரெட்-கிரெஸ்டட் போச்சார்டோடு இதைச் சேர்த்து விடாதீர்கள். இரண்டும் நெருங்கிய உறவு, எளிதில் கலந்துவிடும். கலப்புக் குஞ்சுகளைச் சுத்த இனம் என்று வாங்கி ஏமாறுகிறவர்களைப் பார்க்க எனக்கு வருத்தமாக இருக்கிறது. இன்னொன்று, 2024 அக்டோபர் முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஒரே ஒரு வாத்து வைத்திருந்தாலும் பதிவு செய்தாக வேண்டும். பறவைக் காய்ச்சல் சமயத்தில் கூண்டுக்குள் அடைக்க உத்தரவு வரும், அதற்கு வலை போட்ட இடத்தை முன்பே தயார் செய்துவிட்டு வாங்குங்கள்.