லேலண்டி வேலியின் உயரக் குறைப்பு: ஒரு சேவை மதிப்புரை

லண்டன் புறநகரில், எங்கள் தோட்டத்தின் பின்பக்கம் இரண்டு ஆள் உயரத்தையும் தாண்டி வளர்ந்து சமையலறைக்கு வெயிலே வராமல் மறைத்து நின்ற லேலண்டி (சைப்ரஸ் வகை ஊசியிலை மரம்) உயிர்வேலியைக் குறைக்க, உள்ளூர் மரம்வெட்டும் நிறுவனம் ஒன்றை அழைத்தோம். விலை பேசுவதற்கு முன்பே மேற்பார்வையாளர் கிளைகளை விலக்கி, உள்ளே இலையற்றுப் பழுப்பேறிக் கிடந்த பகுதியைக் காட்டி, இம்மரம் பழைய கட்டையிலிருந்து மீண்டும் துளிர்க்காது என்பதால் பக்கங்களில் பச்சை இருக்கும் அளவோடு வெட்டை நிறுத்த வேண்டும் என்றும், உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே முறையில் எடுக்கக் கூடாது என்றும் விளக்கியது நம்பிக்கை தந்தது. பறவைகள் கூடு கட்டும் மார்ச் முதல் ஆகஸ்ட் வரையிலான காலத்தைத் தவிர்த்து, வேலையைச் செப்டம்பருக்குத் தள்ளியதும் சரியே. பயன்பாட்டிலுள்ள கூட்டை வேண்டுமென்றே அழிப்பது பிரிட்டனின் 1981ஆம் ஆண்டு வனவிலங்கு, கிராமப்புறச் சட்டப்படி குற்றம்.

நடுத்தண்டுகளை வேண்டிய உயரத்துக்குச் சற்றுக் கீழேயே அறுத்தார்கள். பக்கக் கிளைகள் வளர்ந்து வெட்டுவாயை மறைக்க அது இடம்தரும். ஆனால், தழைகளை அரைத்து அள்ளிச் செல்வதற்குத் தனிக் கட்டணம் என்பதை முன்கூட்டியே சொல்லாதது பெரிய குறை. பூப்பாத்தியில் சிதறிய மரத்தூளையும் கேட்ட பிறகுதான் வாரினார்கள். வேலைத்தரத்துக்காக மீண்டும் அழைப்பேன், விலையை எழுத்தில் வாங்கிக்கொண்டு.