விதிப் புத்தகமா, விசிலா?

எந்தக் கூடைப்பந்து கோச்சைக் கேட்டாலும் விதிகள் தெரியும் என்றுதான் சொல்வார். ஆடிவிட்டுத்தானே வந்திருக்கிறோம், அப்புறம் என்ன? நானும் அந்த ரகம்தான். ஒரு நாள் ரெஃப்ரியிடம் வாய் நீண்டு, நடத்தைக்காகக் கொடுக்கும் டெக்னிக்கல் ஃபவுல் வாங்கினேன். அதற்கான ஃப்ரீ த்ரோவை, யாரும் தடுக்காமல் எறியும் அந்த ஷாட்டை, எதிரணி போட்டது. ஒரே பாயிண்ட்டில் தோற்றோம். அதற்குப் பிறகு விதிகளை ஒழுங்காகக் கற்றுக்கொள்ள மூன்று வழிகளை முயன்று பார்த்தேன்: புத்தகம் படிப்பது, நானே விசில் ஊதுவது, ரெஃப்ரி ஒருவரைப் பயிற்சிக்கு அழைப்பது.

சர்வதேசக் கூடைப்பந்து அமைப்பான ஃபிபாவின் விதிப் புத்தகம் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. முதல் பக்கத்திலிருந்து படித்தால் கோர்ட் அளவுகளைத் தாண்டுவதற்குள் தூக்கம் வந்துவிடும். நேராக 33-ஆம் விதிக்குப் போய்விடுங்கள். உடல் மோதல் பற்றிய அடிப்படை எல்லாம் அங்கே இருக்கிறது. ‘அசையாமல் நின்றால்தான் சார்ஜ் கிடைக்கும்’, அதாவது வந்து மோதுபவன் மேல் ஃபவுல் விழும் என்று பசங்களுக்குப் பல வருடம் சொல்லிக்கொடுத்தவன் நான். விதியில் அப்படி இல்லை. எதிராளியைப் பார்த்தபடி இரண்டு காலையும் தரையில் ஊன்றி முதலில் இடம் பிடித்தால் போதும். அதற்குப் பிறகு பக்கவாட்டில் நகரலாம், பின்னால் போகலாம், நேர் மேலே எம்பலாம். பசங்களைச் சிலையாக்கி வைத்தது என் தப்பு. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு கூடுதல் அடி வைக்கும் தப்பான டிராவலும் அப்படித்தான்: 2017-இல் வந்த மாற்றத்தின்படி, ஓடிக்கொண்டே பந்தைப் பிடிக்கும்போது ஊன்றியிருக்கும் கால் கணக்கில் வராது. அதற்கு முன் ஆடிய நம்மில் பலர் இன்னமும் பழைய கணக்கில்தான் கத்துகிறோம்.

‘புத்தகம் எதற்கு, டிவியில் அமெரிக்க லீக்கான என்பிஏ பார்த்தால் போதாதா?’ போதாது. அங்கே 6 ஃபவுலுக்கு வெளியே போவார்கள், இங்கே 5. ஷாட் ரிங்கில் பட்டுத் துள்ளிவிட்டால், அது இன்னும் ரிங்குக்கு மேலேயே இருந்தாலும் இங்கே தட்டிவிடலாம்; அங்கே கூடாது. பார்க்க நன்றாக இருக்கும், நம் பசங்களைத்தான் குழப்பும்.

விசில் வேறு விஷயம். ஜூனியர் பசங்களின் பயிற்சி ஆட்டத்துக்கு, பழக்கப்பட்ட ரெஃப்ரி ஒருவரோடு ஜோடியாக இறங்கினேன். பந்தையே பார்த்துக்கொண்டிருந்தால் ஒரு ஃபவுலும் கண்ணில் படாது, தடுப்பவரைப் பார்க்க வேண்டும் என்பது பத்து நிமிடத்தில் உறைத்தது. பந்து வைத்திருப்பவருக்கும் தடுப்பவருக்கும் நடுவில் இடைவெளி தெரியும் கோணத்தில் நிற்க வேண்டும். ஒருவர் முதுகுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் ஊகம்தான். அப்படியானால் பெஞ்சிலிருந்து நான் இத்தனை நாள் பார்த்தது என்ன? இன்னொன்று. இரண்டு ரெஃப்ரி ஆட்டத்தில், பந்து தன்னிடமிருந்து தள்ளி மறுபக்க ஓரத்தில் இருக்கும்போது, பேஸ்லைனில் (கூடைக்குப் பின்னால் உள்ள கோட்டில்) நிற்பவர் கூடைக்கடியில் நடக்கும் தள்ளுமுள்ளைத்தான் பார்ப்பார். பந்தைத் தட்டிக்கொண்டு போகிறவனின் கையில் அடி விழுந்ததற்கு நான் வழக்கமாகத் திட்டியது அவரைத்தான், பாவம்.

கோச்சாகவும் இதில் லாபம் உண்டு. என் பசங்களின் பாதி ஃபவுல் கையால் வருகிறது, கால் பிந்துவதால் கை நீள்கிறது என்பது விசிலோடு நின்றபோதுதான் பளிச்சென்று தெரிந்தது. அடுத்த வாரமே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தடுக்கும் பயிற்சியைத் தொடங்கினேன்.

ரெஃப்ரியை அழைப்பது பசங்களுக்கு நல்லது. நான் நூறு தடவை சொன்னதை அவர் ஒரு தடவை சொன்னால் கேட்டுக்கொள்கிறார்கள். ஆனால் கோச் ஓரமாக உட்கார்ந்து தலையாட்டுவதோடு சரி. அடுத்த மேட்சுக்கு வரப்போகிறவரை மட்டும் அழைக்காதீர்கள், பார்க்கவே நன்றாக இருக்காது.

என் ஓட்டு விசிலுக்கு; 33-ஆம் விதியைப் படித்துவிட்டு இறங்கினால் இன்னும் நல்லது. அடுத்து ஸ்கோரர் மேசையில் ஒரு நாள் உட்காரலாம் என்றிருக்கிறேன். டைம் அவுட்டை அங்கேதான் கேட்க வேண்டும் என்பதே தெரியாமல், ரெஃப்ரியைப் பார்த்துக் கை காட்டிக்கொண்டிருந்தவன் நான்.