நோக்கியா ஈ63: திருவள்ளூர் லோக்கலில் நான் எழுதிய போன்

2010-இல் பர்மா பஜாரில் 4,500 ரூபாய்க்கு வாங்கினேன். செகண்ட் ஹேண்ட்தான், சிவப்பு நிறம். அப்போது திருவள்ளூரிலிருந்து சென்ட்ரலுக்கு தினமும் லோக்கல் ரயிலில் வேலைக்குப் போய்வந்தேன். வீட்டுக்குள் நுழைந்தால் அடுப்படி, பிள்ளைகளின் வீட்டுப்பாடம். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார இரவு பத்தாகிவிடும். எனக்கென்று கிடைத்த நேரம் அந்த ரயில் நேரம்தான். மூன்று வருடம் என் வலைப்பதிவில் வந்தவை அநேகமாக எல்லாமே இந்தப் போனில் எழுதியவை.

இதன் கீபோர்டுக்கு ஈடு இன்றுவரை நான் பார்க்கவில்லை. ஒவ்வொரு பட்டனும் சற்றே மேடிட்டு இருக்கும். நெரிசலில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையின் கட்டைவிரலால் திரையைப் பார்க்காமலே அடிக்கலாம். கண்ணாடித் திரையில் அது எனக்கு வரவே இல்லை.

தமிழ்தான் இதில் பெரிய குறை. பிரவுசரில் எந்தத் தமிழ்ப் பக்கத்தைத் திறந்தாலும் கட்டம் கட்டமாக வரும். அதற்கு வழி காட்டியது ஓப்பரா மினி என்ற இன்னொரு பிரவுசர். அப்போது அதன் முகவரிப் பட்டையில் 'ஓப்பரா:கான்ஃபிக்' என்று ஆங்கிலத்தில் அடித்தால் ஒரு செட்டிங்ஸ் பக்கம் வரும். அதில் 'யூஸ் பிட்மேப் ஃபாண்ட்ஸ் ஃபார் காம்ப்ளக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ்' என்பதை 'யெஸ்' ஆக்கி சேவ் செய்ய வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு ஓப்பராவின் சர்வரே தமிழ் எழுத்தைப் படமாக்கி அனுப்பிவிடும். போனில் ஃபாண்ட் தேவையில்லை. படம் என்பதால் டேட்டா கொஞ்சம் கூடும், ஒரு வரியைக்கூட காப்பி எடுக்க முடியாது. ஆனாலும் முதன்முதலாக என் பதிவை அந்தச் சின்னத் திரையில் தமிழில் பார்த்த அன்று, இறங்க வேண்டிய நேரம் வந்தும் எழுந்திருக்கத் தோன்றவில்லை.

படிக்க வழி கிடைத்தது. தமிழில் எழுத வழியில்லை. நோட்ஸில் தங்கிலீஷில் அடிப்பேன். என் வலைப்பதிவு இருந்த பிளாகரில் நமக்கென்று ஒரு ரகசிய மெயில் முகவரி வைத்துக்கொள்ளலாம். அதற்கு அனுப்பினால் சப்ஜெக்ட் தலைப்பாகும், மெயில் பதிவாகும். நான் அது உடனே வெளியாகாமல் 'டிராஃப்ட்' ஆக நிற்கும்படி வைத்திருந்தேன். ஆவடியில் சிக்னல் நன்றாக இருக்கும், அங்கே அனுப்பிவிடுவேன். இரவில் அதைப் பார்த்து, கம்ப்யூட்டரில் இ-கலப்பை என்ற தமிழ் டைப்பிங் மென்பொருளில் தமிழாக அடிப்பேன். இரண்டு வேலைதான். ஆனால் காலையில் எழுதியதை இரவில் மறுபடி அடிக்கும்போது வேண்டாத வரிகள் தானாகவே உதிர்ந்துவிடும். என் பதிவுகள் ஓரளவு கச்சிதமாக இருந்ததென்றால் இந்த இரண்டாவது அடிப்புதான் காரணம். ஒருமுறை அம்மாவைப் பற்றி எழுதியபோது 'vali' என்று அடித்திருந்தேன். வலியா, வழியா என்று இரவில் எனக்கே பிடிபடவில்லை. அந்தப் பத்தியையே எடுத்துவிட்டேன். அதன்பிறகு ழகரத்துக்கு 'zh' தவறியதில்லை.

கேமரா சுமார். 2 மெகாபிக்சல், ஃபோகஸ் மாற்ற முடியாது. பிளாட்பாரம், வானம் எல்லாம் தெளிவாக விழும். பூக்காரம்மா கட்டும் மல்லிச் சரத்தைக் கிட்டே போய் எடுத்தால் கலங்கிவிடும்.

பேட்டரி 1,500 எம்ஏஎச். ஜிபிஆர்எஸ் என்ற அந்தக்கால மெதுவான நெட்டை இரண்டு வேளைப் பயணத்திலும் பார்த்து, இரவில் பாதி மிச்சம் இருக்கும். ஸ்பேஸ் பட்டனை அழுத்திப் பிடித்தால் டார்ச் எரியும். மின்வெட்டு நாட்களில் பிள்ளைகள் முதலில் தேடியது அதைத்தான்.

இப்போது யாராவது ஆசைப்பட்டு பழையது வாங்குவதானால் அந்த ஸ்பேஸ் பட்டனை இருபது முப்பது முறை அடித்துப் பார்த்து வாங்குங்கள். என்னுடையதில் முதலில் போனது அதுதான். பேட்டரிக்கு பிபி-4எல் என்று கேட்க வேண்டும். நோக்கியாவின் இன்னொரு போனான ஈ71-க்குப் போடுவதும் அதே பேட்டரிதான்.