மேக்கும் விண்டோஸும் ஒரே கடையில்: பொது பைலை எங்கே வைப்பது?

திருகோணமலையில் ஒரு ஸ்டூடியோவிலோ அச்சகத்திலோ கணினிப் பொறுப்பு உங்கள் கைக்கு வந்தால் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: வீடியோ வெட்ட ஒன்றிரண்டு மேக், பில் போடவும் அல்பம் அடிக்கவும் நாலைந்து விண்டோஸ், எல்லாவற்றுக்கும் ஒரே ரவுட்டர். விண்டோஸ் மட்டுமே தெரிந்து வருகிற தம்பி தங்கச்சிமார் மேக்கைக் கண்டதும் பயந்துவிடுகிறார்கள். பயப்பட ஒன்றுமில்லை. இரண்டுமே எஸ்எம்பி என்ற ஒரே முறையில்தான் பைலைப் பரிமாறுகின்றன. 2013இல் வந்த மேவரிக்ஸ் முதல் மேக்கின் முதல் தெரிவும் அதுதான். ஆகவே இணைப்பது எப்படி என்பதைவிட, பொதுப் பைல் எந்தப் பெட்டியில் இருக்க வேண்டும் என்பதைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும்.

பழைய வழிகாட்டிகள், மேக்கைச் சர்வராக்கும் 'மேக்ஓஎஸ் சர்வர்' என்ற ஆப்பைப் போடச் சொல்லும். அதை ஆப்பிள் 2022 ஏப்ரலில் நிறுத்திவிட்டது. அந்தப் பக்கமே போகவேண்டாம்.

போர்ட்டபிள் டிஸ்க்கைக் கைமாற்றுவது இங்கே பலர் செய்கிற வழி. விண்டோஸின் வழமையான ஃபார்மெட்டான என்டிஎஃப்எஸ் டிஸ்க்கை மேக் வாசிக்கும், எழுதாது; எக்ஸ்ஃபாட்டில் ஃபார்மெட் செய்தால் இரண்டும் எழுதும். ஆனால் எக்ஸ்ஃபாட்டில் ஜர்னலிங், அதாவது எழுதுவதைக் குறித்து வைத்து இடையில் நின்றாலும் மீட்கும் வசதி, கிடையாது. கொப்பி ஆகிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனாலோ யாராவது வயரைப் பிடுங்கினாலோ டிஸ்க்கே வாசிக்க முடியாமல் போகலாம். ஒரு கலியாண வீட்டின் முழுப் படமும் அதில் இருக்கிறதென்றால் அந்த ஆபத்தை நான் எடுக்கமாட்டேன்.

கிளவுட்டுக்குக் கணக்கே பதில் சொல்லிவிடும். அப்லோட் வேகம் 10 எம்பிபிஎஸ் என்றால் 100 ஜிபி ஏற்ற 22 மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும். அதே 100 ஜிபி, கடைக்குள் ஜிகாபிட் கேபிளில் கால் மணித்தியாலத்தில் போய்ச் சேரும். பில், கடிதம், டிசைன் வரைவு போன்ற சின்னப் பைல்களுக்கு கிளவுட் நல்லது. வீடியோவுக்கு வேண்டாம்.

இனி நேரடிப் பகிர்வு. படிக்கிறவர் இதைத்தான் முதலில் செய்து பார்க்க வேண்டும். மேக்கில் சிஸ்டம் செட்டிங்ஸ், ஜெனரல், ஷேரிங் என்று போய் ஃபைல் ஷேரிங்கை ஆன் பண்ணினால் மட்டும் போதாது. உள்ளே ஆப்ஷன்ஸைத் திறந்து, 'விண்டோஸ் ஃபைல் ஷேரிங்' என்பதற்குக் கீழே அந்தப் பயனரின் பெயருக்கு டிக் போட்டு, பாஸ்வேர்டைத் திரும்பக் கொடுக்க வேண்டும். இந்த டிக் விடுபட்டால், விண்டோஸ் பக்கத்தில் சரியான பாஸ்வேர்டை எத்தனை தரம் அடித்தாலும் உள்ளே விடாது.

எதிர்ப்பக்கம், விண்டோஸில் இருக்கும் ஃபோல்டரை மேக்கிலிருந்து திறக்க ஃபைண்டரில் கமாண்ட், கே இரண்டையும் சேர்த்து அழுத்துங்கள். வருகிற பெட்டியில் எஸ்எம்பி என்ற மூன்று ஆங்கில எழுத்து, ஒரு முக்காற்புள்ளி, இரண்டு சாய்கோடு, பிறகு அந்தக் கணினியின் ஐபி முகவரி. இங்கே இரண்டு விஷயம் ஆளை அலைக்கழிக்கும். விண்டோஸில் தினமும் பின் நம்பர் அடித்து நுழைகிறவர் அதையே மேக்கில் கொடுப்பார். அது செல்லாது, கணக்கின் பாஸ்வேர்ட்தான் வேண்டும். பகிர்வுக்கென்றே விண்டோஸில் ஒரு லோக்கல் கணக்கு திறந்துவிடுவது வடிவான வேலை. மற்றது, நெட்வொர்க் 'பப்ளிக்' என்று கிடந்தால் ஃபயர்வால் கதவைச் சாத்திவிடும், 'பிரைவேட்' ஆக்குங்கள். ரவுட்டரில் அந்தக் கணினிக்கு ஐபியை நிரந்தரமாக ஒதுக்கிவிடுங்கள், இல்லையென்றால் கரண்ட் போய் வந்த பிறகு முகவரி மாறி எல்லோரும் உங்களைத்தான் கூப்பிடுவார்கள்.

மேக்கா, விண்டோஸா, யார் பைலைத் தாங்குவது? என் தெரிவு, யாரும் எடுத்துக்கொண்டு போகாத டெஸ்க்டொப். நிலாவெளியில் ஷூட்டிங் என்று மேக்புக் கிளம்பிவிட்டால் கடையில் மற்ற எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதுதான். சாதாரண விண்டோஸ் ஒரே நேரத்தில் 20 இணைப்பு வரை தாங்கும். சின்னக் கடைக்கு அது தாராளம். ஆனாலும் அந்தக் கணினியில் உட்கார்ந்திருப்பவர் அதை ஓஃப் பண்ணிவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

அதனால் நிரந்தரத்துக்கு நான் சொல்வது நாஸ் பெட்டி, அதாவது பைல் வைக்கவென்றே நெட்வொர்க்கில் தொடுக்கும் டிஸ்க் பெட்டி. சினோலஜி, கியூநாப் போன்றவை மேக், விண்டோஸ் இரண்டையும் ஒன்றாக நடத்தும். மேக்கின் டைம் மெஷின் பேக்கப்பையும் வாங்கி வைக்கும். செலவு கூடத்தான். யுபிஎஸ் ஒன்றையும் சேர்த்து வாங்கி, யுஎஸ்பி வயரால் நாஸோடு தொடுத்துவிட வேண்டும். பற்றரி இறங்க முன்னமே நாஸ் தானாக ஒழுங்காக நின்றுகொள்ளும். நாஸுக்குள் இரண்டு டிஸ்க்கில் ஒரே தரவு இருப்பதைப் பேக்கப் என்று நினைக்காதீர்கள். ஒருவர் தவறி ஒரு ஃபோல்டரை அழித்தால் இரண்டிலும் அழியும். பழைய நாஸை மலிவாக வாங்குகிறவர்கள் கவனிக்க: விண்டோஸ் 11 புரோவில் 24எச்2 பதிப்பிலிருந்து எஸ்எம்பி சைனிங், அதாவது வரும் தரவு இடையில் மாற்றப்படவில்லை என்று ஒப்பமிட்டு உறுதிசெய்வது, கட்டாயம். பாஸ்வேர்ட் இல்லாத கெஸ்ட் பகிர்வு அதில் வேலை செய்யாது.

எந்த வழியை எடுத்தாலும் பெயர்ச் சிக்கல் கூடவே வரும். கேள்விக்குறி, நட்சத்திரக்குறி, மேற்கோள்குறி எல்லாம் மேக்கில் பைல் பெயருக்குள் வரலாம், விண்டோஸில் வராது. தமிழில் பெயர் வைப்பவர்களுக்கு இன்னொன்று இருக்கிறது. 'திருகோணமலை' என்ற ஃபோல்டரை எடுங்கள். அதில் வரும் 'கோ'வின் ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். விண்டோஸ் கீபோர்டில் வழமையாக ஒரே குறி வரும். மேக்கில் ஜிப் பண்ணியது பிரிந்த வடிவில் வரலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, விண்டோஸுக்கு இரண்டும் வேறு. அப்படியே ஒரே பெயரில் இரண்டு ஃபோல்டர் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும், யாரோ ஒருவர் பழையதை அச்சுக்கு அனுப்பிவிடுவார். பொது ஃபோல்டர்களுக்கு ஆங்கில எழுத்தும் திகதியும் போதும் என்று கடையில் ஒரு விதி வைத்துவிடுங்கள்.

கடைசியாக விண்டோஸ் சர்வரும் ஆக்டிவ் டைரக்டரியும்: எல்லாக் கணினிகளையும் பயனர்களையும் 'டொமைன்' என்ற ஒரே குழுவாக ஓரிடத்திலிருந்து நிர்வகிக்கும் முறை. ஆறு கணினிக்கு இது தேவையில்லை. ஹோம் பதிப்பு டொமைனில் சேரவே சேராது, புரோ வேண்டும். மேக்கைச் சேர்க்கலாம், ஆனால் மேக்கின் நேரம் சர்வரின் நேரத்திலிருந்து ஐந்து நிமிடத்துக்கு மேல் விலகினால் லொகின் நிராகரிக்கப்படும். வெளியே எடுத்துப்போகும் மேக்புக்கில் பாஸ்வேர்டும், பாஸ்வேர்டுகளைச் சேமித்து வைக்கும் கீசெயினும் ஒத்துப்போகாமல் தொல்லை தரும். ஆனாலும் வங்கி, ஹோட்டல், பெரிய அலுவலகம் என்று வேலை தேடுகிறவர் இதைத் தெரிந்தே ஆகவேண்டும். அதற்குக் காசு வேண்டாம். மைக்ரோசாஃப்ட் தரும் விண்டோஸ் சர்வரின் 180 நாள் சோதனைப் பதிப்பை ஒரு விண்டோஸ் புரோ கணினியில், கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் ஹைப்பர்-வியில் ஏற்றி, டொமைன் ஒன்றை உருவாக்கி, உங்கள் மேக்கை அதில் சேர்த்துப் பாருங்கள்.