செம்பனை ஊரில் பறவைப் படங்கள்: மார்த்தினேயா, கூல்டா?

கையால் வண்ணமிட்ட பழைய பறவைப் படங்களைச் சேர்க்கத் தொடங்கியபோது, என் முன் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, பிரெஞ்சு அறிஞர் பஃபோனின் பறவை நூலையொட்டி 1765 முதல் வெளிவந்த, மார்த்தினே செப்புத் தகட்டில் செதுக்கிய 973 பறவைப் படங்கள். மற்றொன்று, 1850 முதல் 1883 வரை வெளிவந்த, ஆங்கிலேயப் பறவையியலர் ஜான் கூல்டின் ‘ஆசியப் பறவைகள்’ நூலிலுள்ள 530 கல்லச்சுப் (கல்லில் வரைந்து அச்சிட்ட) படங்கள். நான் மார்த்தினே பக்கம் சாய்ந்தேன்.

அழகில் கூல்டே முந்துகிறார். அவருடைய பறவைகள் கிளையில் உயிரோடு அமர்ந்திருக்கின்றன. மார்த்தினேயின் பறவைகள் பலவற்றில் பாடம் செய்யப்பட்ட உடலின் விறைப்பு தெரியும். மார்த்தினேயின் அசலை அடையாளம் காண்பதும் கடினமன்று: செப்புத் தகடு தாளில் அழுந்திய விளிம்பு விரலுக்குத் தட்டுப்படும், கல்லச்சில் அது இராது.

ஆனால் மலேசியாவின் செம்பனை (எண்ணெய்ப்பனை) ஊரான சுங்கை சிப்புட் போன்ற ஊரில் முடிவைத் தீர்மானிப்பது பராமரிப்புதான். இங்கே காற்றின் ஈரப்பதம் பெரும்பாலான நாள்களில் 80 விழுக்காட்டைச் சுற்றியே இருக்கிறது. 65-ஐத் தாண்டினாலே தாளில் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கிவிடும். கூல்டின் படங்களில் கரிய, பளபளப்பான இறகுகளின்மேல் கருவேலம் பிசின் பூசப்பட்டிருக்கும். அப்பிசின் ஈரத்தை உறிஞ்சி இளகும். நான் பார்த்த ஒரு படத்தில், ஆறுமணிக் குருவியின் கண்ணையொட்டிய கரும்பட்டை சட்டத்தின் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு, பிரித்தெடுத்தபோது இறகின் நிறம் கண்ணாடியிலேயே தங்கிவிட்டது. மேலும், ஏறத்தாழ 55 × 37 செ.மீ. அளவுள்ள அத்தாளைச் சுவரில் மாட்டுவதைத் தவிர வீட்டில் வேறு இடமில்லை. மாட்டினால் வெளிச்சத்தில் நீர்வண்ணம் வெளிறும்.

மார்த்தினேயின் படமோ ஏ4 தாளைவிடச் சற்றே பெரியது. புகைப்படக்காரர்கள் கேமரா வைக்கும் மின்சார உலர்பெட்டியின் தட்டில் அது மடங்காமல் அடங்குகிறது. ஈரப்பதத்தை 50 விழுக்காட்டில் நிறுத்தி, ஒவ்வொரு படத்துக்கும் இடையே அமிலமற்ற தாளை வைத்தால் போதும். என்னிடமுள்ளவற்றில் வண்ணமும் மெலிதாகவே பூசப்பட்டிருப்பதால், பிசின் இளகும் கவலையும் எழவில்லை. செம்பனை ஆலைக் கழிவுக் குளங்களிலிருந்து வரும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு, பழைய வண்ணங்களிலுள்ள ஈயவெள்ளை என்னும் வெண்ணிறமியைக் கருக்கவல்லது. மூடிய பெட்டி அதற்கும் ஓரளவு தடுப்பாகிறது.

மறுவிற்பனையைப் பற்றி உறுதியாகப் பேசும் அளவுக்கு நான் எதையும் விற்றதில்லை. இரவு பகலாகக் குளிர்சாதனம் ஓடும் அறையும் வெயில் படாத சுவரும் உடையவர் தயங்காமல் கூல்டை வாங்கலாம். வாங்கும்போது, கண்ணாடிக்கும் படத்துக்கும் இடையே அட்டை வைத்து இடைவெளி விட்டிருக்கிறார்களா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.