லினக்ஸ் கெர்னலைப் புதுச் செயலிக்குக் கொண்டுபோக: ஜிசிசியா, கிளாங்கா?

லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலைப் புதுச் செயலியில் ஓடவைக்க, அதன் நிரலை அந்தச் செயலியின் கட்டளைகளாக மாற்றும் கம்பைலர் வேண்டும்; ஜிசிசி, கிளாங் இரண்டும் அத்தகைய கம்பைலர்கள். என் பரிந்துரையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கெர்னல் முதன்முதலில் பூட் ஆக, அதாவது இயங்கத் தொடங்க, ஜிசிசி. பூட் ஆன கையோடு கிளாங்கிலும் கம்பைல் செய்து பில்ட் போடத் தொடங்கிவிடுங்கள்.

ரிஸ்க்-வி என்ற திறந்த செயலிக் கட்டமைப்பு வந்த வழியைப் பாருங்கள். 2017இல் ஜிசிசி 7 அதற்கு ஆதரவு கொடுத்தது. 2018 ஜனவரியில் லினக்ஸ் 4.15இல் அதற்கான கெர்னல் போர்ட் (அந்தச் செயலிக்கேற்ற வடிவம்) சேர்ந்தது. கிளாங்கின் அடித்தளமான எல்எல்விஎம்மில் அது சோதனை நிலையைத் தாண்ட 2019இல் 9ஆம் பதிப்பு வரவேண்டியிருந்தது. ஐஐடி மெட்ராஸின் சக்தி செயலியில் லினக்ஸ் பூட் ஆன 2018இல், ரிஸ்க்-விக்கு முதிர்ந்த கம்பைலர் என்றால் ஜிசிசிதான். சீனாவின் லூங்ஆர்க் கட்டமைப்பிலும் இதே வரிசை: 2022இல் ஜிசிசி 12, லினக்ஸ் 5.19, எல்எல்விஎம் 2023இல்.

ஜிசிசி முந்துவதில் ஆச்சரியம் இல்லை. கெர்னல் சுத்தமான சி மொழியில் எழுதப்பட்டதல்ல. சி மொழியோடு ஜிசிசி கூடுதலாகத் தரும் நீட்சிகளை நம்பியே வளர்ந்தது. 'ஏஎஸ்எம் கோட்டூ' என்ற வசதியை எடுத்துக்கொள்ளுங்கள். செயலியின் கட்டளைகளை நேரடியாக எழுதிய அசெம்பிளித் துண்டிலிருந்து நேரே சி லேபிளுக்கு (சி நிரலில் பெயரிட்ட இடத்துக்கு) தாவ அது வழிவிடுகிறது. கெர்னலின் ஓட்டத்தைக் கண்காணிக்கும் டிரேசிங் இதைப் பயன்படுத்துகிறது. டிரேசிங் அணைந்திருக்கும்போது, கண்காணிக்க வேண்டிய இடத்தில் எதுவும் செய்யாத ஒரே ஒரு கட்டளை மட்டும் இருக்கும்; டிரேசிங்கை இயக்கினால், ஓடிக்கொண்டிருக்கும் கெர்னல் அதையே தாவல் கட்டளையாகத் திருத்திக்கொள்ளும். மிக அழகான ஏற்பாடு! ஜிசிசியில் இது 2010இலேயே வந்துவிட்டது. 2018இல் எக்ஸ்86 (இன்டெல், ஏஎம்டி செயலிகள்) கெர்னல் இதைக் கட்டாயமாக்க, கிளாங் 9 வரும்வரை அந்தக் கெர்னலை கிளாங்கில் பில்ட் செய்ய முடியவில்லை.

சரி, அப்புறம் கிளாங் எதற்கு? ஒரே கம்பைலர் பல செயலிகளுக்கும் குறிமுறை உருவாக்கும்; பில்ட் செய்யும் மேக் கட்டளையில் எல்எல்விஎம்=1 என்று சேர்த்து, எந்த ஆர்க்கிடெக்சர் என்று சொன்னால் போதும். ஜிசிசிக்கோ ஒவ்வொரு செயலிக்கும் தனி கிராஸ் கம்பைலர் (வேறு செயலிக்குக் குறிமுறை உருவாக்கும் கம்பைலர்), தனி பின்யுட்டில்ஸ் (அசெம்பிளர், லிங்கர் போன்ற கருவிகள்) வேண்டும். அதைவிட முக்கியம், ஜிசிசி கண்டுகொள்ளாமல் விட்ட தவறுகள் பல கிளாங்கின் எச்சரிக்கைகளில் சிக்கும். புதுப் போர்ட்டில் இதன் அருமை தெரியும். ஆண்ட்ராய்டு பக்கம் 2017இன் பிக்சல் 2 கெர்னலே கிளாங்கில் பில்ட் ஆனது. அடுத்த ஆண்டு பிக்சல் 3இல், தவறான இடத்துக்குத் தாவும் அழைப்புகளைத் தடுக்கும் சிஎஃப்ஐ பாதுகாப்பும் சேர்ந்தது.

சில செயலிகளில் தேர்வுக்கே இடமில்லை. க்வால்காமின் ஹெக்சகன் செயலிக்கு மெயின்லைன் (அதிகாரபூர்வ) ஜிசிசியில் பேக்எண்ட் (அதற்கான குறிமுறை உருவாக்கும் பகுதி) கிடையாது, கிளாங்தான் வழி. பழைய ஆல்ஃபா, பிஏ-ரிஸ்க் செயலிகள் என்றால் இன்றைய எல்எல்விஎம் உதவாது, ஜிசிசியோடுதான் இருக்க வேண்டும்.